ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்?

உங்கள் குடும்ப டாக்டரின் பெயர் உங்களுக்குத் தெரியும். ஊசி போடுகிற நர்ஸம்மாவின் பெயர்கூடத் தெரிந்திருக்கலாம். மாதாமாதம் உங்கள் வீட்டுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாரே, அவர் பெயர் தெரியுமா? 'மெடிக்கல்காரர்' என்போம். பழைய ஆட்களுக்கு இன்னும் 'கம்பவுண்டர்'. அதற்கு மேல் அவரைப் பற்றி நாம் யோசித்ததே இல்லை. அவர் இல்லாத நேரத்தில் என்ன ஆகிறது என்பதையும் யோசித்ததில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டை எடுத்துக்கொள்வோம். பிள்ளையார்பாளையமாக இருக்கட்டும், ஐயம்பேட்டை முத்தியால்பேட்டையாக இருக்கட்டும், குழித்தறி இருக்கும் வீட்டில் மூட்டுவலி இல்லாத பெரியவர்களைப் பார்ப்பது அபூர்வம். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்துக்கொண்டு, முதுகை முன்னால் வளைத்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் முட்டியும் இடுப்பும் சும்மா இருக்குமா? "வலிக்கு ஒரு மாத்திரை போட்டுட்டு உட்கார்ந்துடுவேன், முகூர்த்தப் புடவை முடிச்சுத் தரணுமே" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள்.

அந்த வீட்டில் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர். ரத்தக் கொதிப்புக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மூலம் மாத்திரை வருகிறது. கால் வீக்கத்துக்காக 'நீர் போகிற மாத்திரை' ஒன்றும் சாப்பிடுகிறார். உத்திரமேரூர் பக்கம் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் ராத்திரி முட்டிவலி தாங்கவில்லை. ரோட்டோரம் பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். டாக்டர் பார்க்கிறார், வலி மாத்திரை எழுதுகிறார். ஆஸ்பத்திரியிலேயே மருந்துக் கவுண்டர் உண்டு. ஆனால் மருந்தாளுநர் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார். "சிஸ்டர், எடுத்துக் கொடுத்துடுங்க" என்கிறார் டாக்டர், அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டே. சிஸ்டருக்கு அங்கே டிரிப் ஏற்ற ஆள் காத்திருக்கிறார். கடைசியில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது சீட்டில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பையன்.

சீட்டில் எழுதிய மாத்திரையைத்தான் பையன் கொடுத்தான். பெயர் சரி, எண்ணிக்கை சரி, காலாவதி தேதியும் சரி. ஆனாலும் இது ஆபத்தான மருந்து!

எப்படி என்கிறீர்களா?

வரும் மடை, போகும் மடை

சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் லட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு சின்னக் குழாய், வெளியே போக ஒரு சின்னக் குழாய். வயல் மடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் சரியாக இருந்தால்தான் நடுவில் அழுத்தம் நிற்கும், வடிகட்டல் நடக்கும்.

டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் உள்ளே வரும் மடையைச் சுருக்கிவிடக் கூடியவை. எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வெளியே போகும் மடையை அகலத் திறப்பவை. நீர் மாத்திரையோ வாய்க்காலில் வரும் தண்ணீரையே குறைக்கிறது. ஒவ்வொன்றும் தனியாக நல்ல மருந்துதான். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், அதிலும் வயதானவர் உடம்பில், வெயில் காலத்தில், வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும் நேரத்தில் சேர்ந்தால், சிறுநீரகம் திடீரென்று வேலைநிறுத்தம் செய்யலாம். சிறுநீர் குறைவது, கால் முகம் வீங்குவது, குமட்டல், காரணமில்லாத அசதி எல்லாம் அதன் அடையாளங்கள். 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் விட்டுவிடுவோம்.

(இதைப் படித்துவிட்டு ரத்தக் கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய வம்பு! வலி மாத்திரை போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் மற்ற மாத்திரைகளைச் சொல்லுங்கள். முட்டிவலிக்குச் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யாத வேறு வழிகள் டாக்டரிடம் உண்டு.)

இந்த விபத்தைத் தடுக்க பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. "அம்மா, வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். அவசரத்தில் டாக்டர் கேட்க மறந்திருக்கலாம். கேட்டும் அந்த அம்மா "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லியிருக்கலாம். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாதம் சாம்பார் மாதிரி தினசரி வழக்கமாகிவிட்டதால் அதை 'மருந்து' என்று பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டாக்டர் விட்டதைப் பிடிக்க இரண்டாவதாக ஒருவர் வேண்டும். அந்த இரண்டாமவர்தான் மருந்தாளுநர். மருந்தை எண்ணி உறையில் போடுவது அவர் வேலையில் சின்னப் பகுதி.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் 42ஆவது பிரிவில், டாக்டர் சீட்டுக்கு மருந்து தயாரித்துக் கொடுப்பதைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் செய்ய வேண்டும் என்கிறது. தன் சொந்த நோயாளிக்கு டாக்டரே மருந்து கொடுத்தால் அதற்கு விலக்கு உண்டு. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆவது விதியும் இதையே சொல்கிறது. சீட்டுக்கு மருந்து கொடுப்பது மருந்தாளுநர் கையாலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும். 'நேரடி' என்பதுதான் முக்கியம். தொலைவிலிருந்து பார்ப்பது பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தையும் கிடையாது. 1945இல் அப்படி ஒன்று சாத்தியம் என்று யார் கண்டார்கள்?

மருந்தாளுநர் ஆக, பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருட டி.ஃபார்ம். படிக்க வேண்டும். அதன்பின் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. பிறகு மாநிலக் கவுன்சிலில் பதிவு. 2015இல் வந்த மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டில், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜோடு நிற்க வேண்டும். இந்த மருந்து எதற்கு, எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்கவிளைவு வரலாம், எப்படிப் பத்திரப்படுத்துவது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்றெல்லாம் அவராகவே நோயாளியிடம் பேச வேண்டும். உங்களிடம் கடைசியாக யார் அப்படிப் பேசினார்கள்?

விலக்குகளும் இருக்கின்றன. ஆயிரம் பேருக்கு மேல் போகாத ஜனத்தொகையும், உரிமம் பெற்ற மருந்துக் கடை இல்லாத நிலையும் உள்ள கிராமத்தில் பாராசிட்டமால், கிரைப் வாட்டர் போன்ற வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமலே விற்கலாம். அரசுத் திட்டங்களில் கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் மருந்துகளுக்கும் விற்பனை உரிமம் தேவையில்லை. ஆக, ஊருக்கு ஏற்றபடி வளைந்துகொடுப்பது சட்டத்துக்குப் புதிய பழக்கம் இல்லை.

2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு ஆரம்பித்த வாரத்தில், இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. டாக்டர் வீடியோவில் பார்த்து மருந்து எழுதலாம், நோயாளி சம்மதித்தால் சீட்டை நேராக மருந்துக் கடைக்கே அனுப்பலாம். மறுநாள் இன்னொரு அறிவிப்பு. உரிமம் பெற்ற கடைகள் அதே வருவாய் மாவட்டத்துக்குள் வீட்டுக்கே மருந்து அனுப்பலாம் என்று அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள்.

அதாவது டாக்டர் தூரத்தில் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டோம். மருந்து தூரம் கடந்து வரலாம் என்றும் ஏற்றுக்கொண்டோம். சரிபார்க்க வேண்டிய மருந்தாளுநர் மட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது என்று நிற்கிறோம். விளைவு, பத்துக் கட்டில் ஆஸ்பத்திரியில் ராத்திரி எட்டுக்குப் பிறகு அவர் தூரத்திலும் இல்லை, பக்கத்திலும் இல்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் பக்கத்து வீடே நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே 1928இல் விமானத்தில் பறந்து போய் வைத்தியம் பார்க்கும் சேவை தொடங்கியது. விமானம் போய்ச் சேரும்வரை நோயாளி என்ன செய்வது? 1942இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மருந்துப் பெட்டி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். டாக்டர் ரேடியோவில் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை, எண்ணைச் சொல்வார். பெயர் குழம்பும், ரேடியோ இரைச்சலில் இன்னும் குழம்பும், எண் அவ்வளவு சுலபத்தில் குழம்பாது. பெட்டியை அடுக்கும்போதே பாதித் தப்பைத் தடுத்துவிட்டார்கள். இன்றும் அந்தப் பெட்டிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

அமெரிக்காவில் நார்த் டகோட்டா என்று ஒரு மாநிலம். பெரிய நிலப்பரப்பு, கொஞ்சம் ஜனங்கள். சின்ன ஊர்களில் மருந்துக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. 2001இல் அந்த மாநிலம்தான் அங்கே முதலாவதாகத் தொலை மருந்தகத்துக்கு விதி வகுத்தது. 2002இல் அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் கல்லூரியும் சேர்ந்து அதைப் பெரிய திட்டமாக எடுத்துக்கொண்டது. அங்கே நடப்பது இதுதான். சின்ன ஊரில் பயிற்சி பெற்ற, பதிவு செய்த உதவியாளர் ஒருவர் இருப்பார். சீட்டைப் படம் எடுத்து அனுப்புவார். மருந்தை எடுத்து, மூலப் பாட்டில், மாத்திரை, ஒட்டிய லேபிள் மூன்றையும் கேமரா முன்னால் வைப்பார். தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மருந்தாளுநர் பார்த்துச் 'சரி' என்றால்தான் மருந்து நகரும். அதோடு முடியவில்லை. மருந்தாளுநர் வீடியோவில் நோயாளியோடு பேசியே ஆக வேண்டும். அது கட்டாயம். 25 படுக்கைக்கு மேற்படாத சின்னக் கிராம ஆஸ்பத்திரிகளும் இதே ஏற்பாட்டில் சேர்ந்தன. மருந்தாளுநர் வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரியில் டாக்டர் எழுதும் மருந்தைத் தூரத்திலுள்ள மருந்தாளுநர் சரிபார்ப்பார்.

நம்ம ஊருக்கு இது தேவையா?

உடனே ஒரு எதிர்ப்பு வரும், அது நியாயமான எதிர்ப்பு. "நார்த் டகோட்டாவில் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் டி.ஃபார்ம்., பி.ஃபார்ம். முடித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் எவ்வளவு பேர்! ஆள் இல்லை என்பது பொய், சம்பளம் கொடுக்க மனம் இல்லை என்பதுதான் நிஜம்" என்பார்கள்.

பகல் நேரத்தைப் பொறுத்தவரை நானும் அந்தக் கட்சிதான். காஞ்சிபுரம் ராஜ வீதிகளில் மருந்துக் கடைக்குப் பஞ்சம் இல்லை. வாலாஜாபாத்திலும் உத்திரமேரூரிலும் கடைகள் இருக்கின்றன. பகலில் மருந்தாளுநரை வைக்காமல் கேமராவை வைத்துவிட்டு லாபம் பார்க்க ஒரு ஆஸ்பத்திரியை அனுமதித்தால் அது அநியாயம். சர்டிபிகேட் சுவரில் தொங்கும், சர்டிபிகேட்டுக்கு உரியவர் வேறெங்கோ வேலை பார்ப்பார் என்ற பழைய வியாதி இந்தியா முழுக்க உண்டு. பெயருக்கு ஒரு கேமராவை மாட்டிவிட்டால் அதே வியாதி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

ஆனால் ராத்திரி வேறு விஷயம். பத்துப் பதினைந்து படுக்கை உள்ள ஆஸ்பத்திரி மூன்று ஷிஃப்டுக்கு மூன்று மருந்தாளுநர் வைப்பது நடக்கிற காரியம் இல்லை. ராத்திரி முழுவதும் எட்டுப் பேர் மருந்து வாங்கினால் அதிகம். அந்த எட்டுப் பேருக்காகச் சட்டப்படி ஒருவர் விழித்திருக்க வேண்டும், நடைமுறையில் யாரும் இருப்பதில்லை. இந்த இடைவெளியைத்தான் தொலை மேற்பார்வை அடைக்க முடியும். காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி டியூட்டியில் உள்ள மருந்தாளுநர், சுற்றுவட்டாரத்தில் மூன்று சின்ன ஆஸ்பத்திரிகளையும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். மூன்று, போனால் நாலு. முப்பது என்று போனால் அவர் பார்க்க மாட்டார், பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்.

கோயில் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. 2019இல் அத்தி வரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தபோது காஞ்சிபுரம் எப்படித் திணறியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கருட சேவை நாட்களிலும் வெளியூர்க் கூட்டம் வந்து குவிகிறது. வெளியூர்க்காரர் மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டு வருவார். "என்ன மாத்திரைங்க?" என்றால், "வெள்ளையா, சின்னதா இருக்கும், நடுவுல கோடு போட்டிருக்கும்." சர்க்கரைக்கும் அப்படி ஒன்று உண்டு, ரத்தக் கொதிப்புக்கும் உண்டு, தூக்கத்துக்கும் உண்டு! அந்த நேரத்தில் ஊரில் உள்ள மகனுக்குப் போன் போட்டு, அட்டையின் படத்தை வாங்கிப் பார்த்து, பெயரைக் கண்டுபிடிக்கப் பொறுமையும் படிப்பும் உள்ள ஒருவர் வேண்டும். அவர் திரையில் இருந்தாலும் பரவாயில்லை.

அட்டை மாத்திரை தந்த பாடம்

தொலை மேற்பார்வைக்குத் தேவையான முக்கியமான காரியம் ஒன்றைத் தமிழ்நாடு முப்பது வருடத்துக்கு முன்பே செய்துவிட்டது. அப்போதெல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையை டப்பாவிலிருந்து அள்ளி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் வெள்ளையாக மூன்று விதம் இருக்கும், எது எதற்கு என்று தெரியாது. 1994இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் ஆரம்பமாகி, 1995 ஜனவரியிலிருந்து மாநிலம் முழுக்க மருந்து விநியோகிக்கத் தொடங்கியது. மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பியதோடு, மாத்திரைகள் அட்டையில் வர வேண்டும் என்றும் கண்டிப்பாக இருந்தார்கள். அட்டையில் இருந்தால் பெயர் இருக்கும், தொகுதி எண் இருக்கும், காலாவதி தேதி இருக்கும். கேமராவுக்கு வேண்டியதும் அதுதான். உதிரி மாத்திரையை எவ்வளவு நல்ல கேமராவாலும் அடையாளம் காண முடியாது. ஆகவே தொலைவிலிருந்து மேற்பார்க்கும் கவுண்டரில் உதிரி மாத்திரை கொடுப்பதே கூடாது என்று விதி இருக்க வேண்டும். அட்டையை வெட்டிக் கொடுத்தாலும் பெயரும் தேதியும் உள்ள பகுதி நோயாளியிடம் போக வேண்டும்.

அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஒரு கியூஆர் குறி கட்டாயம். போனால் அதை ஸ்கேன் செய்தால் மருந்தின் பொதுப் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தேதிகள் எல்லாம் வரும். தொலைவில் உள்ள மருந்தாளுநர் கண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

தொகுதி எண்ணைப் பற்றிச் சொல்லும்போது காஞ்சிபுரம் மாவட்டத்தார் மறக்க முடியாத ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் சிந்துவாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள். அந்தக் கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நம் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு தொகுதியைச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் இருந்தது. அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

அப்படி ஓர் உத்தரவு வந்த ராத்திரி, சின்ன ஆஸ்பத்திரியின் அலமாரியில் அந்தப் பாட்டில் இருந்தால் அதை எடுத்து ஒதுக்குவது யார்? உத்தரவைப் படித்தவர் யார்? கொடுத்த ஒவ்வொரு பாட்டிலும் தொகுதி எண்ணோடு கணினியில் ஏறியிருந்தால், தூரத்தில் உள்ள மருந்தாளுநர் அந்தத் தொகுதியை அப்போதே முடக்கலாம். ஏற்கெனவே வாங்கிப் போன குடும்பத்துக்குப் போன் போட்டு, "குழந்தைக்கு அதைக் கொடுக்காதீங்க" என்று சொல்லலாம். பேரேடு ஒழுங்காக இல்லாத கவுண்டரில் பக்கத்திலேயே நிற்கும் மருந்தாளுநராலும் இதைச் செய்ய முடியாது.

எதை நம்பக் கூடாது?

கேமராவுக்கு மூக்கு இல்லை, கை இல்லை. சிரப் வாடை மாறியிருப்பது, மாத்திரை பிசுபிசுத்திருப்பது, குளிர்பதனப் பெட்டிக்குள் ராத்திரி கரண்ட் போனதில் வெதுவெதுப்பாகிவிட்டது, இதெல்லாம் திரையில் தெரியாது. வாரத்தில் சில நாளாவது மருந்தாளுநர் நேரில் வந்து அலமாரியைக் கலைத்துப் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை, போதை தரும் வலி மருந்து போன்றவை தொலை கவுண்டரில் இருக்கவே கூடாது. எச்1 அட்டவணையில் உள்ள கடுமையான ஆண்டிபயாடிக் மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் தனிப் பேரேடு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பேரேட்டைப் பையன் கையில் விடக் கூடாது.

நெட் போய்விட்டால்? நம்ம ஊரில் மழை வந்தால் முதலில் போவது அதுதான். அப்போது 'சரி, சரி, கொடுத்துடு' என்று விட்டால் மொத்த ஏற்பாடும் வீண். முதல் வேளைக்கு மட்டும் தேவையான ஒரு சின்ன அவசர மருந்துப் பட்டியல், காய்ச்சலுக்கு, இழைப்புக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று, முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அதை டாக்டர் தன் கையாலேயே தன் நோயாளிக்குக் கொடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. மிச்ச மருந்து காலையில்.

அனுமதி வருகிறதோ இல்லையோ, நீங்கள் செய்யக்கூடியது

ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பர்ஸை எடுக்கிறோம், போனை எடுக்கிறோம். மாத்திரை டப்பாவையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போகலாம்தான், ஆனால் எழுத்தில் தப்பு வரும். அட்டையில் தப்பு வராது. முடியாவிட்டால் எல்லா அட்டையையும் பெயர் தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் மாத்திரைப் படம் சென்னையில், பெங்களூரில் உள்ள உங்கள் போனிலும் இருக்கட்டும். சித்த மருந்து, நாட்டு மருந்து, கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை, இவற்றையும் சேர்த்துத்தான்.

கவுண்டரில் மருந்து வாங்கும்போது, "மருந்தாளுநர் இருக்காருங்களா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. பிறகு, "இதுல இருக்கற மருந்து நான் ஏற்கெனவே சாப்பிடற எதுலயாவது இருக்கா?" என்று கேளுங்கள். சர்க்கரைக்கு இது ரொம்ப முக்கியம். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை ஒரு பிராண்டு பெயரில் இருக்கும், தனி மெட்ஃபார்மின் இன்னொரு பிராண்டு பெயரில் இருக்கும். பெயர் வேறு என்பதால் இரண்டையும் விழுங்குகிறவர்கள் நிறைய. மூட்டு வாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை பொதுவாக வாரத்துக்கு ஒரு நாள்தான். அதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வாங்குங்கள்.

ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இருமல் சிரப் வேண்டும் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அந்த வயதில் பொதுவாக அவை தேவையில்லை என்றும், இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது என்றும் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையே அறிவுறுத்தியது. பொடியாக வரும் ஆண்டிபயாடிக் சிரப்பாக இருந்தால், ஆறிய வெந்நீரை எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும், கலக்கிய பிறகு எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக இன்சுலின். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட்! சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ அது போதும். கவுண்டரில் ஆள் நேரில் நின்றாலும் சரி, திரையில் இருந்தாலும் சரி, குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இந்த மருந்துக்கு இந்த சிரிஞ்ச்தானே?" என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பிரிக்காத குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், கதவு ஓரத்திலும் வேண்டாம், நடுத்தட்டில்.